குளவிக் காலின் இரண்டாவது முள்

ஆகஸ்ட் 4, திங்கள்

பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு வந்தபோது மாறன் வாசலிலேயே நின்றிருந்தார். ஆய்விதழிலிருந்து பதில் வந்துவிட்டதாம். கட்டுரை சரி; குளவியின் கால் படம் மட்டும் புகை படிந்ததுபோல் இருக்கிறது, வேறு மென்பொருளில் அடுக்கி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். இவர் சிரித்து எத்தனை மாதமாகிறது! டிசம்பரோடு பிஎச்.டி. கெடு முடிகிறது. அடி அண்ணாமலைக்குப் பின்னால் முள்காட்டில் பிடித்த அந்தக் குளவி புது இனம் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. மற்றவற்றுக்குப் பின்னங்காலில் ஒரு முள். இதற்கு இரண்டு.

படம் எடுப்பதும் அடுக்குவதும் என் வேலை. அவ்வளவு கிட்டத்தில் கண் தெளிந்தால் கால் மங்கும். ஃபோகஸைத் துளித்துளியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, மென்பொருளால் ஒன்றாக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6

புதிய மென்பொருளில் நிறம் அப்படியே வருகிறது, புகை இல்லை. ஆனால் மெல்லிய மயிர்களை அங்கங்கே விழுங்கிவிடுகிறது. பழையது மயிரை விடாது, பின்னணிதான் புள்ளிபுள்ளியாகிவிடும்.

புதியதில் முள் ஒன்றுதான் தெரிகிறது. மயிரோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டதா?

ஆகஸ்ட் 7

மூன்றாவது மென்பொருளிலும் போட்டேன். அதில் இரண்டு. எதை நம்புவது?

குளவி இருந்தால் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிடலாம். இருந்தது ஒன்றே ஒன்று. ஜூனில் எறும்பு தின்றுவிட்டது. இனி படம்தான் சாட்சி.

ஆகஸ்ட் 9, சனி

அடுக்கியதையெல்லாம் மூடிவிட்டுத் தனித்தனிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் ஒரு முள்தான். எடுக்க எடுக்கக் கால் கொஞ்சம் தொங்கியிருக்கிறது. ஒரே முள் முதலில் ஓரிடத்தில், அப்புறம் சற்றுக் கீழே. மென்பொருள் இரண்டையும் வைத்துக்கொண்டுவிட்டது.

அந்த இரண்டாவது முள் இல்லவே இல்லை. எப்படிச் சொல்லுவேன் இந்த மனுஷன்கிட்ட?

ஆகஸ்ட் 10

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

சொன்னேன். படங்களைக் காட்டச் சொல்வார் என்று நினைத்தேன். திரைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பழைய படத்தையே புகையைத் துடைத்து அனுப்பு என்றார். முடியாது என்றேன். எறும்பு தின்னாமல் இருந்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்களே என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“எறும்பு எதையும் தின்னல, கவி. நான் பார்த்துட்டேன். முள்ளு ஒண்ணுதான் இருந்துது. அதான் தூக்கிப் போட்டுட்டேன்.”

எறும்புப் பொடி வாங்கியாந்து வீடு பூரா தூவினேனே நான். என் தப்புதான்னு அழுதேனே. பார்த்துக்கிட்டுதானே இருந்தாரு?

ஆகஸ்ட் 13

நேற்றெல்லாம் கெஞ்சினார். “ஒரே ஒரு தடவை. எனக்காக.” காலைக்கூடப் பிடிக்க வந்தார். நான் விலகிக்கொண்டேன்.

இன்று மதியம் ஆய்விதழுக்கும் அவருடைய வழிகாட்டி பரசுராமன் சாருக்கும் தனிப் படங்களை அனுப்பிவிட்டேன். முள் ஒன்றுதான், இரண்டாவது அடுக்கியதில் வந்த பிழை என்று எழுதினேன். குளவியைத் தூக்கிப் போட்டதை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? தெரியவில்லை.

செப்டம்பர் 2

கட்டுரை வேண்டாம் என்று ஆய்விதழ் திருப்பிவிட்டது. கெடுவை நீட்டிக்கக் காரணம் ஏதுமில்லை என்றுவிட்டாராம் பரசுராமன் சார். இவர் என்னோடு பேசுவதில்லை. ஹாலில் படுக்கிறார்.

செப்டம்பர் 18

மாறனுக்கு வேலூரில் வேலை. பூச்சிமருந்துக் கம்பெனி. “பூச்சியப் பத்தித் தெரிஞ்ச ஆள்தான் வேணுமாம்” என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

அக்டோபர் 6, பௌர்ணமி

கிரிவலக் கூட்டத்தில் வேலூர் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். வியர்க்க வியர்க்க நடந்து வந்தார். இளைத்திருக்கிறார். ரசம் ஊற்றினேன். காரம் ஜாஸ்தியா என்று கேட்டேன், இல்லை என்றார். மிச்சத் துணிகளைப் பையில் வைத்துக்கொண்டார். புத்தகங்கள் உனக்குத் தேவைப்படும், இருக்கட்டும் என்றார். நான் செய்தது சரிதான். இன்னொரு தடவையும் அதையேதான் செய்வேன்.

கேட்டைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தார். கடைத்தெருவுக்குக் கிளம்பினால்கூடப் போயிட்டு வரேன் என்பவர்.

“போறேன்” என்றார்.