பழைய கம்ப்யூட்டருக்கு வயசாகல

இரண்டாம் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் புதுவாயல் ஸ்டாப்புக்கு வர இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து வரப்போகும் கணவன் அன்புசெல்வனோடு இளமதி இரண்டு நாளாகப் பேசவில்லை. சனிக்கிழமை அவளுக்கு டிராயிங் செக்‌ஷன் வேலைக்கான தேர்வு. வரைந்து பழக வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரோ ஒவ்வொரு கோட்டுக்கும் திணறியது. "அதுக்கு வயசாயிடுச்சு, அவ்ளோதான் ஓடும்" என்று அவன் சிரித்ததில் வந்த சண்டை அது. காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்.

"ஏங்க, மீன்கொழம்பு அடுப்பு மேல இருக்குது, சுட வச்சு சாப்புடுங்க. கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் வயசாகல. போன மாசம் தூசி தட்றேன்னு உள்ள இருக்கிற குட்டி பேட்டரிய கழட்டி மாட்டுனது யாரு? அதுல செட்டிங் எல்லாம் அழிஞ்சு, உள்ள ஓடுற அடிப்படை வேகம் 333 இருக்க வேண்டிய எடத்துல 200 வச்சிக்கினு, 1.8 கிகாஹெர்ட்ஸ்ல நொண்டிக்கினு இருந்துச்சு. காலைல ஆன் பண்ணும்போதே வர்ற பயாஸ் செட்டிங்ல போய் மாத்திட்டேன். இப்போ அதுக்குன்னு கம்பெனிக்காரன் போட்ட மூணு கிகாஹெர்ட்ஸ்ல முழுசா ஓடுது. சூடும் ஏறல. மெக்கானிக் சார், இனிமே ஸ்க்ரூடிரைவர தொடாதீங்க."

சீட்டை டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, ஓரத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"சும்மா கலாய்ச்சேன். சனிக்கிழமைய நெனச்சா பயமா இருக்குது. லீவு போட்டுட்டு கூட வாங்க. உள்ள வர வேணாம், பரீட்சை நடக்கிற எடத்து கேட்டாண்ட நின்னா போதும்."