மாற்றி வைத்த சைகைகள்

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று எக்ஸ்ரே அறையில் ஒரு பெரியவரிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டேன். பாவம், மனிதர் முகம் சிவந்து போய் நிற்கிறார். என் புத்தி முழுக்க சனிக்கிழமை கூடைப்பந்து ஆட்டத்தில் இருந்தது.

எட்டு டீம். வாராவாரம் வேனில் ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். கடைசியில் முதல் நாலு இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இறுதிச் சுற்று. போன வருஷம் நாங்கள் ஐந்தாவது. அந்த ஐந்து இன்னும் தொண்டையில் சிக்கின முள்ளாக உறுத்துகிறது.

நான்தான் கோச். என்னிடம் இருப்பது பதினோரு பெண்கள், எல்லாம் பதினாலு வயதுக்கு உட்பட்டவை. அதில் ஒன்று நான் பெற்றது. பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துவது அவள். கூடைக்கு அடியில் நின்று வாங்கிப் போடுவது அவளுடைய தோழி, ஒட்டடைக்குச்சி. உயரத்துக்காக என் மகள் வைத்த பெயர். பதிலுக்கு அவள் இவளுக்கு வைத்தது 'பட்டாணி'. ஒருத்திக்குத் தும்மல் வந்தால் இன்னொருத்தி மூக்கைத் துடைப்பாள், அப்படி ஒரு ஒட்டுதல்.

செப்டம்பர் 6, சனி

ஜெயித்தோம்!

எங்கள் சைகைகளை எதிரிகளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நான் காதைச் சொறிந்தால் ஒரு ஆட்டம், முழங்கையைத் தடவினால் ஒரு ஆட்டம். மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றினால்தான் பெரிய வித்தை: என் மகள் வலது பக்கம் போவதாகப் போக்குக் காட்டிவிட்டு, எல்லார் தலைக்கும் மேலாக இடது மூலைக்குப் பந்தை வீசுவாள். அங்கே ஒட்டடை ஓடி வந்து வாங்குவாள். வாங்கின அடுத்த நொடி பந்து கூடைக்குள்.

"பார்க்கறவங்களுக்கு நீ சொறி பிடிச்சவ மாதிரி இருக்கே" என்கிறார் இவர். என் வீட்டுக்காரர்தான் எங்கள் ஸ்கோர் போர்டு, தண்ணீர் பாட்டில், சண்டை விலக்கும் இலாகா எல்லாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்றும் ஜெயம். திரும்பி வரும்போது வேனில் பாட்டு. தலைவலி. சந்தோஷமான தலைவலி.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஒட்டடையின் அம்மாவிடமிருந்து போனில் ஒரு செய்தி. நேரில் இல்லை, கூப்பிட்டும் இல்லை — செய்தி. நகரத்தின் மறுகோடிக்கு வீடு மாறிவிட்டார்களாம். அவருக்கு ஷிப்ட் வேலை, மகளை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட முடியாதாம். புது வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே, எங்கள் எட்டு டீமில் ஒன்றான நீலச் சட்டைக்காரர்களின் மைதானம். அங்கே சேர்த்துவிட்டாராம். பாதி சீசன் முடியும்வரை டீம் மாறலாம் என்று விதி இருக்கிறது.

இருந்தால்? இருக்கிறது என்பதற்காக மாறிவிடுவதா?

நியாயம்தான். அந்த அம்மாவின் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வருகிறது. மூணு வருஷம்! பந்தைப் பிடிக்கத் தெரியாமல் மூஞ்சியில் வாங்கிக்கிட்டு அழுத பொண்ணு. நான் ஐஸ் வெச்சு உட்கார வெச்ச பொண்ணு. அவளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மகளுக்கு முன்பே தெரியுமாம். "உன்கிட்ட சொல்ல அவளுக்கு பயம்மா" என்றாள். என்னிடம் என்ன பயம்? நான் என்ன கடித்தா விடுவேன்?

அக்டோபர் 4, சனி

தோற்றோம். ஒட்டடையின் இடத்தில், பெண்கள் தூங்குமூஞ்சி என்று கூப்பிடும் இன்னொருத்தியை நிறுத்தினேன். நல்ல பெண். பந்து வந்தபோது ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

வரும் சனிக்கிழமை நீலச் சட்டைகளோடு ஆட்டம். ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது — என் காது, முழங்கை, கண்ணாடி எல்லாம் இப்போது அவர்கள் கையில்! அவர்களுடைய கோச் லேசுப்பட்டவர் இல்லை. தூங்கும்போதும் வாயில் விசிலோடு தூங்குவார் போலிருக்கிறது. அந்த விசில்காரர் அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கறந்திருக்க மாட்டாரா?

சைகைகளை எல்லாம் மாற்றப் போகிறேன் என்றேன். மகள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அவ சொல்ல மாட்டா."

"சொல்லமாட்டான்னு நீ எப்படிச் சொல்ற? சின்னப் பொண்ணு. பெரியவங்க அதட்டிக் கேட்டா சொல்லிடுவா."

"நீ அவளைத் திருடின்னு சொல்ற."

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?"

"மாத்தினா அதுதான் அர்த்தம்."

எழுந்து போய்விட்டாள். இவர் என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மாற்றிவிட்டேன். கண்ணாடிக்குப் பதில் கையைக் கட்டிக்கொள்வது. காதுக்குப் பதில் இடுப்பில் கை. பழைய சைகைகளைச் செய்தால் கண்டுகொள்ளவே கூடாது, அது சும்மா வேஷம் என்று பெண்களிடம் சொன்னேன். விசில்காரரை ஏமாற்ற அதுவும் ஒரு தந்திரம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்துப் பேரும் தலையாட்டினார்கள். ஒன்பது பேருக்குப் புரியவில்லை. புரிந்த ஒருத்தி என் முகத்தையே பார்க்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மைதானத்தில் நான் 'கோச்', வீட்டில் அம்மா. இது நாங்கள் எப்போதோ போட்டுக்கொண்ட ஒப்பந்தம். இரண்டு நாளாக வீட்டிலும் கோச். "கோச், கதவைச் சாத்திட்டேன்." "கோச், எனக்குப் பசிக்கல." இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 18, சனி

அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆட்டத்தின் ஆரம்பத்தில் பெண்கள் பழக்க தோஷத்தில் இரண்டு முறை பழைய கண்ணாடி ஆட்டத்தையே ஆடினார்கள். இரண்டு முறையும் அந்த இடது மூலைக்குப் பக்கத்திலேயே ஒட்டடை, நீலச் சட்டையில், மரம் போல நின்றாள். கையை நீட்டினால் பந்து அவளுக்கு. நீட்டவில்லை. எங்களுக்கு நாலு புள்ளி. விசில்காரர் கத்து கத்தென்று கத்தி அவளை வெளியே கூப்பிட்டு உட்காரவைத்தார். அதற்குப் பிறகு கடைசிவரை அவள் எழுந்திருக்கவில்லை. அங்கே போனதும் சோம்பேறி ஆகிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். இடுப்பில் கை வைத்து நின்றேன். சரியான புதுச் சைகை. வியர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது. என்னை அறியாமல் ஏற்றிவிட்டேன்.

இரண்டு பேர் பழையதை ஆட ஓடினார்கள். மற்ற இரண்டு பேர் புதியதை ஆட ஓடினார்கள். நடுவில் என் மகள் பந்தோடு நின்று என்னைப் பார்த்தாள். அவள் வீசிய இடத்தில் யாருமே இல்லை. பந்து உருண்டு போய்ப் பார்வையாளர்களில் ஒருவரின் காலடியில் நின்றது.

தோற்றோம். யாரோ எங்கள் சைகையைத் திருடியதால் தோற்கவில்லை. நானே என் கையால் தோற்றேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்று எக்ஸ்ரேக்கு வந்தவர் விசில்காரர். பந்து பட்டு விரல் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. முதல் முறையாக விசில் இல்லாத வாயைப் பார்த்தேன்.

"கையை இப்படி வைங்க. அசையாதீங்க."

அசையாமல், வாயை மட்டும் அசைத்தார். "மேடம், நீங்க அனுப்பின பொண்ணு பெரிய அழுத்தக்காரி."

"நான் எங்கே சார் அனுப்பினேன்? அவளாப் போனா."

"உங்க சைகை எல்லாம் என்னன்னு கேட்டேன். மறந்துடுச்சு சார்ங்கறா. மூணு தடவை கேட்டேன். அதே பதில். சரி, நிஜமாவே மறந்துட்டா போலன்னு விட்டுட்டேன். ஆட்டத்துல பார்த்தா, உங்க பொண்ணு பந்தை வீசறதுக்கு முன்னாடியே இவ கண்ணு அந்த மூலைக்குப் போகுது. எல்லாம் தெரியுது. தெரிஞ்சுகிட்டே சும்மா நிக்கறா! அதான் உட்கார வெச்சேன். இனிமே உங்களோட ஆடறப்போ அவளை இறக்கறதா இல்லை. வேண்டாம் மேடம், எதுக்கு அந்தப் புள்ளைக்கும் சங்கடம்."

படம் கலங்கலாக வந்தது. அசைந்தது அவரில்லை, நான்தான் பொத்தானைத் தப்பாக அழுத்தியிருந்தேன். திரும்பவும் எடுத்தேன்.

அக்டோபர் 22, புதன்

மகளிடம் சொன்னேன். "நீ சொன்னதுதான் சரி. அவ எதுவும் சொல்லல."

"தெரியும்."

"நான் அப்படி நினைச்சிருக்கக் கூடாது."

"அதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க கோச்?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பேயை நான் ஒரு குழந்தையின் முகத்தில் பார்த்தேன். நினைக்க நினைக்க ஆறவில்லை.

நவம்பர் 1, சனி

ஜெயித்தோம்! நாலாவது இடம்! சைகையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு வாயாலேயே கத்தினேன். தொண்டை போய்விட்டது. தூங்குமூஞ்சி பதினோரு புள்ளி போட்டாள், லேஸ் இல்லாத ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இறுதிச் சுற்றில் நாலாவது வந்தவர்கள் முதலில் வந்தவர்களோடு ஆட வேண்டும். முதலாவது யார்? வேறு யார், நீலச் சட்டைதான்.

நவம்பர் 4, செவ்வாய்

ஒட்டடை இல்லாத நீலச் சட்டைகளை நாங்கள் ஜெயித்துவிடலாம். போன ஆட்டத்தில் அவள் உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் நெருங்கி வந்தோம். விசில்காரர் அவளை இறக்கப் போவதில்லை. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அவளாகத்தானே போனாள்? நானா போகச் சொன்னேன்? அவளை உட்காரவைத்தது நானா?

இல்லை. ஆனால் எங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளை நம்பாத ஒருத்திக்காக.

நவம்பர் 6, வியாழன்

தூக்கம் இல்லை. இவரிடம் கேட்டேன். "நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டே. என்னை எதுக்கு எழுப்பற?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 8, சனி

போனேன். இரண்டு பஸ் மாறி. அவர்களுடைய மைதானத்தின் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றேன். பயிற்சி முடிந்து வந்தவள் என்னைப் பார்த்ததும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஆண்ட்டி, நான் எதுவும் சொல்லல. சத்தியமா."

"தெரியும்டி. நீ சொல்லியிருப்பேன்னு நான்தான் நினைச்சேன். தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிரு."

பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

"நான் கண்ணாடியை ஏத்தினா பந்து எங்கே வரும்?"

தயங்கினாள். "இடது மூலைக்கு."

"அங்கே போய் எடு."

"பட்டாணி திட்டுவா ஆண்ட்டி."

"திட்டட்டும். உனக்குத் தெரிஞ்சதை எல்லாம் வெச்சுத்தான் நீ ஆடணும். எங்களுக்காக நீ சும்மா நிக்கறது எனக்கு அவமானமா இருக்கு."

அழுதாள். நானும்தான். அவளைவிட ஒரு சாண் குட்டையாக நின்று அழுவதில் என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது. பிறகு விசில்காரரிடம் போய், அவளை இறக்குங்கள், இனி சும்மா நிற்க மாட்டாள் என்றேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமா மேடம்?"

"கொஞ்சம்."

திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது. என் பத்துப் பேருக்கும் துரோகம் செய்துவிட்டேனா? அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

நவம்பர் 12, புதன்

ஒட்டடை போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போல. மகள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் குளியலறையிலிருந்து ஒரு கத்தல்: "அம்மா, துண்டு எங்கம்மா?"

கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நவம்பர் 15, சனி

ஒட்டடை முதல் நிமிடத்திலிருந்தே ஆடினாள். என்ன ஆட்டம்! எங்கள் பந்து மூன்றை மேலே எழும்பித் தட்டிவிட்டாள். தூங்குமூஞ்சியும் விட்டுக்கொடுக்கவில்லை, அவள் இடுப்பளவே இருந்துகொண்டு அவளை நகரவிடாமல் முட்டிக்கொண்டு நின்றாள். ஒருவரை ஒருவர் துரத்தி, கடைசியில் ஒரு புள்ளி பின்னால் நாங்கள், பந்து எங்கள் கையில்.

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. கை மேலே போய்க் கண்ணாடியை ஏற்றியது. வேண்டுமென்று செய்தேனா, வியர்வையா? இவர் வண்டியில் கேட்டார். எனக்கே தெரியவில்லை.

மகள் வலது பக்கம் போக்குக் காட்டி, இடது மூலைக்கு வீசினாள். அழகான வீச்சு. அதைவிட அழகாக ஒட்டடை எழும்பினாள். பந்து அவள் கையில். மறுகோடிவரை தனியாக ஓடிப் போய்க் கூடையில் போட்டுவிட்டு, திரும்பி என்னைத்தான் பார்த்தாள், முகம் வெளுத்து.

தோற்றோம். நான் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பெண்களைப் பெற்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். திங்கட்கிழமைக்குள் நாலு பேராவது போனில் கேட்பார்கள், கேட்கட்டும், சொல்கிறேன். என் பத்துப் பேரிடமும் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம்.

எல்லாரும் வேனில் ஏறிவிட்டார்கள், மகளைத் தவிர. தேடிக்கொண்டு உள்ளே போனேன். மைதானச் சுவரில் சாய்ந்து இரண்டும் தரையில் உட்கார்ந்திருந்தன, சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும், காலை நீட்டிக்கொண்டு.

"என் பாஸை எடுத்துட்டியேடி, பிசாசு!"

"நீ ஏன்டி அதையே போட்ட? அறிவில்ல?"

"அம்மா கண்ணாடியை ஏத்தினாங்கடி!"

"ஏத்தினா? நான் அங்க நிக்கறது உன் கண்ணுக்குத் தெரியலயா? இவ்வளோ உசரம் இருக்கேன்!"

என் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். ஒட்டடை தன் சட்டைக் கையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

கூப்பிடவில்லை. சத்தம் இல்லாமல் வெளியே வந்து, டிரைவரிடம் இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்று சொன்னேன்.