பெயர் தேய்க்கும் வேலை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்தக் கிழட்டுப் பசு இன்னும் உதைக்கிறதா? நான் நலம். யூட்டா வெயில்தான் தோலை உரிக்கிறது.

வேலை அதேதான். இந்தப் பூங்காவைப் பார்க்க வருகிறவர்கள் செம்மணற்பாறையில் கீறிவிட்டுப் போகும் பெயர்களை ஈர மணலும் கல்லும் வைத்துத் தேய்த்து அழிக்கிறோம். பாறை முழுக்கச் சொறி பிடித்தது போல் பெயர்கள். காற்றும் மழையும் பல தலைமுறையாகத் தேய்ப்பதை நான் ஒரே காலையில் தேய்த்துவிடுகிறேன்.

நேற்று ஒரு பெயரை அழித்து, தடம் தெரியாமல் சுற்றிலும் வழவழப்பாக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், ஒருவன் மகளைத் தோளில் தூக்கி, அதே இடத்தில் சாவியால் எழுத வைத்துக்கொண்டிருக்கிறான்.

"என்ன சார் பண்றீங்க?"

"இந்த இடந்தான் நல்லா வழவழன்னு இருக்கு. எப்படியும் மழை வந்து அழிச்சிடும், விடும்மா."

எங்கள் மேஸ்திரி லோரீன் தேய்க்கும் கல்லை என்னிடம் நீட்டினாள். "நீதான் அந்த மழைன்னு சொல்லுடி."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். பாறைக் குழியில் அவன் ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தையும் நான்தான் நோண்டி எடுத்தேன். எச்சில் இன்னும் காயவில்லை. சீ.

தேய்த்துத் தேய்த்துக் கை வெடித்துவிட்டது; பசு மடிக்குத் தடவுவோமே, அந்தக் களிம்பில் ஒரு டப்பா அனுப்பு. ராத்திரிக் குளிருக்குக் கம்பளிக் காலுறையும் வை. உன் கையால் முகவரி எழுது. விரல் ரேகை தேய்ந்துவிட்டதால், செல்போனில் கட்டைவிரலை வைத்தால் இது நீ இல்லை என்கிறது. வண்டி கிளம்புகிறது.

உன் மகளேதான்,
ரோவீனா