வேலிக்குள் போன கடற்கரை

மார்ச் 3
வேலையில் இருந்த காலத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், பொதுச் சொத்துல எனக்கும் பங்கு இருக்குன்னா, என் பங்கை மட்டும் வித்துக்கலாமா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

இன்று நகராட்சி அறிவிப்பைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருமுனையில் உள்ள கடலோரத் திடலை ஒரு ஹோட்டல் நிறுவனத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடப்போகிறார்களாம். "பயன்பாட்டில் இல்லாத நிலம்" என்று போட்டிருக்கிறது. அங்கே பந்து விளையாடுகிறவர்கள், வலை காயப்போடும் பெண்கள், மாமியாரைப் பற்றி நிம்மதியாகப் பேச வேறு இடமில்லாத மருமகள்கள் யாரும் கணக்கில் சேர்த்தி இல்லை போலும்.

ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாமாம். இருக்கிறது.

மார்ச் 8
திடலைக் காக்க ஒரு குழு. எங்கள் வீட்டுக் கூடத்தில் முதல் கூட்டம். தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் ஊரில் அவருக்கு 'மைக்' என்றே பெயர். குழுவின் பெயரில் 'பாதுகாப்பு' வேண்டுமா 'மீட்பு' வேண்டுமா என்று பாதிப் பொழுது போனது.

"இன்னும் போகவே இல்லையே, எப்படி மீட்கிறது?" என்றார் என் வீட்டுக்காரர். அவரை டீ போட அனுப்பிவிட்டோம்.

மார்ச் 15
நிறுவனம் திருட்டுத்தனமாகத் திடலுக்குள் புகுந்துவிடும் என்று மைக்குக்குப் பயம். சுற்றிலும் கம்பி வேலி, ஒரு கதவு, ஒரு பூட்டு என்று தீர்மானம் கொண்டுவந்தார். வழிமொழிந்தவள் நான். "வகுப்புல பென்சில் காணாமப் போனா முதல்ல கதவைச் சாத்துவோம் இல்லையா?" என்று உதாரணம் வேறு சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். உதாரணம் நன்றாக இருந்தால் யோசனையும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

மார்ச் 29
வேலித் திறப்பு விழா. மைக்கின் பெயர் பொறித்த கல்வெட்டும் உண்டு. திறந்ததும் பூட்டினோம்.

ஆட்சேபத்தை விசாரிக்க நகராட்சி அதிகாரி பார்வையிட வரும்போது திடல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று விதிமுறைப் பலகை ஒன்றும் வைத்தோம். பந்து விளையாடக் கூடாது. வலை காயப்போடக் கூடாது. விற்கக் கூடாது. படுக்கக் கூடாது. காலையில் நடைப்பயிற்சிக்கு மட்டும் அனுமதி. எழுதியது நான். அடிக்கோடு ஸ்கேல் வைத்துப் போட்டேன்.

"முத்து முத்தா இருக்கு டீச்சர்" என்றார் மைக். பெருமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 2
திடல் என்ன சுத்தம்! ஒரு காக்கைகூட இல்லை.

ஏப்ரல் 10
நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றேன். அவரோ கைகூப்பினார்.

"ரொம்ப நன்றிங்க டீச்சர். வேலி போட நாங்களே டெண்டர் விடறதா இருந்தோம். அந்த வேலையை மிச்சம் பண்ணிட்டீங்க."

கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு ஆப்பிளைக் கடித்திருந்தார்.

ஏப்ரல் 18
அதிகாரி வந்தார். கதவு பூட்டியிருந்தது. சாவி மைக்கிடம், மைக் ஒரு வரவேற்புக் கூட்டத்தில். காத்திருந்த நேரத்தில் நகராட்சி அதிகாரி பலகையை வாய்விட்டுப் படித்தார், ஒரு வரி விடாமல். என் எழுத்தை இத்தனை கவனமாக எந்த மாணவரும் படித்ததில்லை.

"இங்க யாரும் எதுவும் செய்யக் கூடாதுன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. அப்புறம் இதைப் பொதுமக்கள் பயன்படுத்தறாங்கன்னு நான் எப்படிம்மா எழுதறது?"

கூட வந்திருந்த நிறுவனத்து வக்கீல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி அடுத்த மாதக் கடைசியில் மறுபடி வருவாராம். அப்போதும் இப்படியே இருந்தால் குத்தகை உறுதி.

ஏப்ரல் 19
என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரங்களையே வெளிய தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கேனே. அதுக்கு அடிக்கோடு வேற.

ஏப்ரல் 23
அவசரக் கூட்டம். வேலியைப் பிடுங்க வேண்டும் என்றேன்.

"வேலியை எடுத்தா நம்ம அடையாளமே போயிடும் டீச்சர்!" என்றார் மைக்.

"யாரோட அடையாளம் சார்? உங்க பேர் போட்ட கல்வெட்டா?"

வாக்கெடுப்பு. ஒரே ஓட்டில் ஜெயித்தோம். அந்த ஓட்டு என் வீட்டுக்காரருடையது. அவர் உறுப்பினரே அல்ல. டீத் தட்டோடு வந்தவர் எதற்குக் கை தூக்குகிறார்கள் என்று கேட்கவே கையைத் தூக்கியிருக்கிறார். மைக் ராஜினாமா செய்து, 'உண்மையான கடற்கரைப் பாதுகாப்புக் குழு'வைத் தொடங்கிவிட்டார். உறுப்பினர்கள்: அவரும் அவர் மச்சினரும்.

ஏப்ரல் 26
வேலி போய்விட்டது. பலகையை நானே கழற்றினேன். பிறகு வலைக்காரப் பெண்களைத் தேடிப் போனேன். அவர்களில் மூத்தவளைப் பெரியக்கா என்பார்கள். சாலையோரம் வலையை விரித்து, லாரிப் புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப மட்டும் நாங்க வேணுமாக்கும்? அன்னைக்கு அந்த மைக்கு எங்களை விரட்டினப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க டீச்சர்?"

"நின்னேன்."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"தப்புதான். மன்னிச்சுக்கோங்க. நீங்க வரலைன்னா திடல் ஹோட்டலுக்குப் போயிடும்."

"போகட்டும். வேலி யார் போட்டா எங்களுக்கென்ன? வெளிய நிக்கறது நாங்கதானே."

என்ன உதாரணம் சொல்வது? திரும்பி வந்துவிட்டேன்.

மே 6
யாரும் வரவில்லை. பந்துக்காரர்கள் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விட்டார்களாம். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம்.

"ரெண்டு பேர் இருந்தா பொதுமக்கள்னு சொல்லலாமா?" என்றார்.

"பேசாம உட்காருங்க."

மே 9
அதே பாய். அதே இரண்டு பேர். மக்கள் தொடர்பு அதிகாரி காரில் போகும்போது கையசைத்தார்.

மே 14
ஒரு வலை! ஓரமாக ஒன்றே ஒன்று. பக்கத்தில் பெரியக்கா.

"உங்களுக்காக வரலை. புழுதி தாங்கலை, அதான்."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டுடாதீங்க." வலையை இழுத்து விரித்துவிட்டு, "பாயை அந்தாண்ட போடுங்க. நீங்க உட்கார்ந்தா வலைக்கு வெயில் மறைக்குது."

பாயை அந்தாண்டை போட்டோம்.

மே 30
அதிகாரி வந்தார். நிற்க இடமில்லை. ஒரு வலையைப் பார்த்து மற்ற வலைகளும், அவற்றைப் பார்த்துப் பந்துக்காரர்களும் திரும்பி வந்திருந்தார்கள். பந்து ஒன்று அவர் கையிலிருந்த ஃபைலைத் தட்டிவிட்டது. குனிந்து எடுக்கப் போனவரை, "சார்! வலையை மிதிக்காதீங்க, கண்ணு தெரியலையா?" என்று பெரியக்கா அதட்டினாள். வக்கீல், மக்களை வரவழைத்து நாடகம் ஆடுகிறோம் என்றார். "நாடகம்னா முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல சேலை கட்டிட்டு வந்திருப்போமே" என்றாள் அவள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ எழுதினார்.

ஜூன் 17
குத்தகை நிறுத்திவைப்பு என்று நகராட்சியிலிருந்து தகவல். ரத்து அல்ல, நிறுத்திவைப்பு. மறுபடி வருவார்கள்.

நிறுவனம் அளந்து நட்டுவிட்டுப் போன முளைக்குச்சிகளில் பெரியக்கா வலையைக் கட்டியிருந்தாள். 'உண்மையான' குழுத் தலைவர் மடக்கு நாற்காலியோடு வந்து தயங்கி நின்றார்.

"இங்க உட்காரலாமா டீச்சர்?"

"கேக்காதீங்க சார். கேட்டா யாராவது பதில் சொல்லிடுவாங்க."

உட்கார்ந்தார். மைக் இல்லாமலே நெடுநேரம் பேசினார்.

இந்தக் குறிப்பு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: உங்கள் ஊரில் 'பொது இடம்' என்று சொல்லப்படும் ஓர் இடத்துக்கு நாளை ஒரு பாயோடு போய் உட்காருங்கள். யார் வந்து எழுப்புகிறார்கள் என்று பாருங்கள்.