நான்காவது ஸ்டூலின் அடிப்பக்கம்

அன்புள்ள மகளே,

"மாமா, ஒரு பிள்ள போர்டுல கணக்கப் பிழையா போட்டா நீங்க என்ன செய்வீங்க?" என்று நீ ஒருமுறை கேட்டாய். மருமகளாக இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்துக்கொண்டு, அழித்துவிட்டுச் சரியாகப் போட்டுக் காட்டுவேன் என்றேன். நீ சிரித்தாய். "எங்க வேலையில அழிக்க மாட்டோம் மாமா" என்றாய்.

இந்த வாரம் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. விலை ஏறட்டும் என்று வைத்திருந்த மிளகுச் சாக்கை எடுத்துப்போக ஆள் வந்தார். உன் புருஷன் ஸ்டோர் அறையில் சாக்கைத் தூக்கினான். அடியில், ஈரம் ஏறாமல் இருக்க எப்போதோ நான் வைத்த பலாமர ஸ்டூல் இருந்தது. நீ செய்தது. மிளகு வாசத்துக்கு நடுவிலும் அந்தப் பலா வாசம் தனியாக வந்தது. அவன் சாக்கோடு வெளியே போய்விட்டான். நான் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் பத்து மாதம் ஆகிறது.

உன் வேலை என்னவென்று எனக்கு விளங்கவே நிறைய நாள் எடுத்தது. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போன், போட்டோகாப்பி எல்லாம் செய்கிற ஒரு கொமியுனிகேஷன் கடையில் விண்ணப்பம் டைப் பண்ணவும் கல்யாணக் கார்டு வடிவமைக்கவும் சேர்ந்த கதையைச் சொல்லியிருக்கிறாய். வாசனைத் திரவியத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வந்து, வெள்ளைக்காரர்கள் பார்க்க ஒரு வெப்சைட் வேண்டும் என்றாராம். முதலாளி உன்னைப் பார்த்தாராம். முடியும் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் அது என்னவென்று தேடிப் படிக்கத் தொடங்கினாயாம். மூன்று கிழமையில் செய்து கொடுத்தாய். அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டியபோது கண்ணைப் பறிக்கிற பச்சை நிறம். எழுத்தெல்லாம் விட்டு விட்டு மின்னியது.

"பார்க்க வெக்கமா இருக்கு மாமா. ஆனா வச்சிருக்கேன்."

பிறகு கண்டியில் ஒரு சின்னக் கம்பெனி, விடியற்காலை பஸ். பிறகு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு பல்லேபொலையில் நம் வீட்டு ஜன்னலோரத்தில் இருந்தே வேலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய நிலையைச் சேமித்து, என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதி வைப்பீர்கள் என்று எனக்கு விளக்கினாய். உடைந்தால் எந்த இடத்தில் உடைந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாமாம். ஒரு கணக்குக் கொப்பியில் வெட்டிய வரிகளையும் சேர்த்து வாசிப்பது மாதிரி என்று நானே உதாரணமும் சொன்னேன். உதாரணம் சொல்வது எனக்குச் சுலபம். அதை என் வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் முடியாமல் போனது.

வேலை முடிந்ததும் நீ கொல்லைக்கு வந்துவிடுவாய். முதலில் என் பழைய ரேடியோவைப் பிரித்தாய். இரண்டு நாள் ஈயம் உருக்கிப் பாட வைத்தாய். பிறகு கரண்டி செதுக்கினாய். அதன் பிறகு வாளும் உளியும் வந்தன. இவ்வளவு நேரம் வேலை செய்துவிட்டு மறுபடியும் ஏன் வேலை என்று கேட்டேன். "அங்க செய்றதுக்குக் கனமே இல்ல மாமா. ஒரு நாளைக்கு ஒரு தடவயாவது கையில கனமா ஒண்ணப் புடிக்கணும் போல இருக்கும்" என்றாய்.

என் அக்கா வரும்போதெல்லாம் இதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள்.

"நாள் பூரா பொட்டியப் பார்த்துக்கிட்டு இருக்கா. மிச்ச நேரம் ஆசாரி வேல. சோறு எப்பதான் ஆக்குவா?"

"சோத்த குக்கர் ஆக்கிரும் பெரியம்மா. நீங்க ஒக்காருறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. அதான் செய்றேன்."

அக்காவே சிரித்துவிட்டாள். ஆனாலும் ஊர் முழுக்கச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

நீ செய்தது ஸ்டூல். முழங்கால் தேய்ந்த பிறகு, கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று குளிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. உன் ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்தது. நீ திரையைத்தான் பார்க்கிறாய் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தொட்டியடியில் ஒரு ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தேன். அடுத்த வாரம் அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தாய். பிறகு மூன்றாவது. பிறகு நான்காவது. ஒவ்வொரு தடவையும் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கும்மா என்றேன். கழித்தவற்றை நீ கோழிக்கூட்டுச் சுவரோரம் வரிசையாக வைத்தாய். நான்காவதும் அங்கே போனபோது, நல்ல மரம் வீணாகிறதே என்று அதை மட்டும் எடுத்து மிளகுச் சாக்குக்கு அடியில் வைத்தவன் நான்தான். வைத்ததை மறந்தவனும் நான்தான்.

பொங்கலுக்கு முதல் நாள் வீடு சுத்தம் செய்தோம். நீ கூட்டம் என்று கண்டிக்குப் போயிருந்தாய். மறுநாள் அக்கா குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அந்தக் கோணல் ஸ்டூல்களை அவள் கண்டால் உன்னைச் சும்மா விடமாட்டாள் என்று நினைத்தேன். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்தேன் மகளே. கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்தேன். அந்த நெருப்பில்தான் என் குளியலுக்குத் தண்ணீர் காய்ந்தது. பலகைகளின் அடியில் பென்சில் எழுத்துகள் இருந்ததைக் கண்டேன். ஏதோ அளவு என்று நினைத்து வாசிக்கவில்லை.

சாயந்திரம் பஸ்ஸில் வந்து இறங்கிய நீ, கைப்பையைக்கூட வைக்காமல் கோழிக்கூட்டுப் பக்கம் பார்த்தாய்.

"எல்லாத்தையுமா மாமா?"

"கோணலா கெடந்துச்சேம்மா. அக்கா வர்றா, அதான்."

"அடியில எழுதி வச்சிருந்தேன்."

"அளவுதானே. மறுபடி அளந்துக்கலாம்."

நீ அடுப்புச் சாம்பலை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தாய். "சரி மாமா, ஞாபகத்துல இருக்கும்" என்றுவிட்டு உள்ளே போய், எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாய். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்ல அந்தத் தேநீர் குடிக்கிற நேரம் போதும். நான் சொல்லவில்லை. சின்னவர்களிடம் அந்த வார்த்தை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

பிறகு ஒரு வாரம் நீ உளியைத் தொடவில்லை. அடுத்த ஸ்டூலுக்கு வாங்கிய பலகை சுவரில் சாய்ந்தே நின்றது. மாசியில் காய்ச்சல் என்று படுத்தாய். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்து உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது, வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "ரெண்டு வாயாவது குடிம்மா" என்றுதான் வந்தது. நீ தலையாட்டினாய். மறுநாள் கொண்டுபோன கஞ்சியை, குடிக்க நீ இல்லாமல், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

இப்போது இந்த நான்காவது ஸ்டூல். தரையில் உட்கார்ந்தபடியே அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். மிளகுத் தூசியைத் துடைத்தேன். உன் கையெழுத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு பிள்ளையின் விடைத்தாளை வாசிப்பது போல மெதுவாக வாசித்தேன்.

"4. உயரம் சரி. மாமா நல்லா இருக்குன்னு சொன்னாங்க. ஆனா எழும்புறப்ப தொட்டியப் புடிச்சுத்தான் எழும்புறாங்க. ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும். கேட்டா வேணாம்பாங்க. கேக்காம வச்சிரணும்."

அளவு என்று நினைத்தேனே மகளே. அது நானல்லவா. மற்ற மூன்றிலும் நான்தான் இருந்திருப்பேன்: நான் எப்படி உட்கார்ந்தேன், எந்தக் காலில் வலி, எந்த இடத்தில் பொய் சொன்னேன் என்று. என் மனைவி, உன் அத்தை, போன பிறகு என்னை இவ்வளவு கவனமாகப் பார்த்த ஒருவர் எழுதி வைத்ததை என் கையாலேயே எரித்துத் தண்ணீர் காய வைத்திருக்கிறேன். என்னை மன்னித்துக்கொள். கிட்டத்தட்ட ஒரு வருடம் பிந்திவிட்டது. பிந்தி வந்த பிள்ளையை நான் ஒருநாளும் வகுப்புக்கு வெளியே நிறுத்தியதில்லை. அதை வைத்துத்தான் கேட்கிறேன்.

சுவரில் சாய்ந்திருந்த உன் பலகையை எடுத்தேன். உன் புருஷன் பிடித்துக்கொண்டான், நான் அறுத்தேன். இரண்டு கைப்பிடி செய்ய மூன்று நாள் ஆனது. நேற்றுக் காலை தொட்டியடியில் அதில் உட்கார்ந்து குளித்தேன். எழும்பும்போது தொட்டியைப் பிடிக்கவில்லை. உன் ஜன்னலைப் பார்த்தேன். திரைச்சீலை மூடியிருந்தது.

பிறகு ஸ்டூலைக் கவிழ்த்து, காயவைத்து, உன் வரிக்குக் கீழே பென்சிலால் எழுதினேன். "5. இடது கைப்பிடி ஆடுகிறது. மாமா எழும்பிவிட்டார்." இனி இந்தப் பலகையில் எதையும் அழிக்க மாட்டேன்.

வாத்தியாருக்கு வீட்டு வேலை கொடுக்காமல் முடிக்கத் தெரியாது என்று நீ கேலி செய்வாய். ஆகவே இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: உங்கள் வீட்டில் யாரோ செய்து சரிவராமல் ஒதுக்கி வைத்த பொருள் ஒன்று இருக்கும். எறிவதற்கு முன் அதை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.