மரை போகும் பக்கம்

20.01.2024, சனி

இன்று ஆறு அம்பும் முனையோடு திரும்பி வந்தன. மூன்று கிழமையாக இதற்காகத்தான் பாடுபட்டேன்.

பயிற்சி தரும் இரத்தினசிங்கம் சேரின் சட்டம்: பஸ்ஸில் முனை போட்ட அம்பு கொண்டுவரக் கூடாது. அன்புவழிபுரத்தில் ஏறும்போது முனைகள் பென்சில் பெட்டிக்குள் இருக்கும். மைதானத்துக்கு வந்துதான் ஒவ்வொன்றாகத் திருக வேண்டும். வெறும் கையால் திருகினால் நாலாவது எய்தலில் இளகிவிடும். அம்பை இழுத்தால் தண்டு கையோடு வரும், முனை இலக்கின் வைக்கோலுக்குள் நின்றுவிடும். பசை போட்டால் பிறகு கழற்றவே ஏலாது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடா தடிப்புக் கூட, முனை முழுதாக உள்ளே போகாது.

கடைசியில் வழி காட்டியது என் தலைமயிர். போன கிழமை தற்செயலாக ஒரு முனையின் மரைக்குள், திருகும் புரிக்குள், மயிர் சிக்கிக்கொண்டது. அந்த முனை மட்டும் அசையவில்லை. இப்போது ஒரு மயிரை மெழுகில் இழுத்து, மரையில் மூன்று சுற்று. இறுகிப் பிடிக்கிறது, விரலால் கழற்றவும் முடிகிறது.

சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “நல்ல மூளை. ஆனா நீர் இடக்கைக்காரி, பூரணி. மரை போற பக்கமாச் சுத்த வேணும். மற்றப் பக்கம் சுத்தினா, திருகத் திருக அவிழும்.”

கொழும்புத் தெரிவுப் போட்டிக்கு இன்னும் நாலு கிழமை.

21.01, ஞாயிறு

மற்றப் பிள்ளைகள் வரமுதல் போய்த் தனியே எய்தேன். தனியே எய்யக் கூடாது என்பதும் சேரின் சட்டம்தான்.

ஆறாவது அம்பு இலக்குக்கு மேலால் பின்பக்கப் புதர்ப் பற்றைக்குள் போய்விட்டது. தேடப் போக மழை பிடித்துக்கொண்டது. பிறகு ஒருவரும் வரவில்லை.

அந்த ஆறாவதுக்கு மயிர் சுற்றியது பஸ்ஸில் வைத்து, அவசரத்தில்.

24.01, புதன்

கந்தோர் வேலை முடிந்து வரும் வழியில் அம்பைத் தேடி எடுத்தேன். போன திசையில் இல்லை, நன்றாகத் தள்ளி, முள்ளுப் பற்றைக்குள் கிடந்தது. முனை இல்லை. மழை தண்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தது.

முனை சேற்றுக்குள் போயிருக்கும்.

25.01, வியாழன், போயா, பௌர்ணமி விடுமுறை

சேற்றுக்குள் போகவில்லை.

கோட்டை வீதியில், அபூதாஹிர் நானாவின் பழக்கடைக்கு முன்னால், ஊருக்குள் திரியும் மான்கள் பழத்தோல் தின்றுகொண்டு நின்றன. கடைக் கழிவெல்லாம் அவர் அவற்றுக்குத்தான் போடுவார். கூர் இரும்புக் கம்பி ஒன்று எப்போதும் கையில் இருக்கும். வீதியில் கிடக்கும் பொலித்தீன் பைகளை மான் தின்ன முதல் குத்தி எடுத்துவிடுவார்.

ஒரு பெண்மான் மட்டும் விலகி நின்றது.

“பின்னங்கால ஊண்டுதில்ல மகள்,” என்றார். “நாலு நாளா இப்பிடித்தான். தொடையில ஒரு ஓட்ட. ஆரு என்ன செஞ்சானோ.”

பார்த்தேன். பென்சில் அளவு வட்டம். சுற்றிவர ஈ.

வாங்கிய பப்பாசிப்பழத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

26.01

அகராதியில் மரை: திருகாணியின் புரி. அடுத்த பொருள்: மான் இனத்தில் ஒன்று.

இவ்வளவு நாளும் சொல்லிவந்த சொல்லில் இன்று கிடைத்தது இதுதானா?

28.01, ஞாயிறு

சேரிடம் சொன்னேன்.

“வேற ஆருக்கும் தெரியுமோ?”

“இல்லை சேர்.”

“அப்ப தெரிய வேண்டாம். மானுக்குக் காயம் எண்டா வழக்கு. மைதானத்தைப் பூட்டுவினம். எட்டுப் பிள்ளையள், பூரணி. லக்சனா இந்த வில்லுக்காக வீட்டில எவ்வளவு சண்டை பிடிச்சவள் எண்டு உமக்குத் தெரியும்.”

“மானுக்குள்ள முனை கிடக்குது, சேர்.”

“எல்லா முனைக்கும் ஒரே மரைதான். உம்மடைதான் எண்டு ஆர் சொல்லப் போறான்?”

நான் சுற்றிய மயிரை அவர் மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை. ஏன்?

30.01, செவ்வாய்

அம்மா போனை நீட்டினா. “பார் பூரணி, வாயில்லாச் சீவனை என்ன செய்திருக்கிறான் எண்டு.”

முகநூலில் யாரோ ஒரு படம் போட்டிருக்கிறார்கள். அபூதாஹிர் நானா கம்பியோடு குனிந்து நிற்கிறார், பக்கத்தில் அந்த மான். பொலித்தீன் எடுக்கத்தான் குனிந்திருக்கிறார். படத்தில் பொலித்தீன் தெரியவில்லை. கீழே முந்நூறு கருத்து. ‘கிண்ணியாவில இருந்து வாறவனுக்கு எங்கட மான் இறைச்சியாத்தான் தெரியும்.’ அதற்கு எண்பது பேர் விருப்பம்.

“அவர் குத்தியிருக்க மாட்டார்,” என்றேன்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

எப்படித் தெரியும் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஒரு நிமிடம். வாய் வரவில்லையே.

01.02, வியாழன்

கடை பூட்டியிருக்கிறது. கதவில் யாரோ சாணி எறிந்திருக்கிறார்கள். மான் வந்து பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மூன்று காலில்.

நான் நல்ல பிள்ளை என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

03.02, சனி

கிண்ணியா பஸ் எடுத்தேன். பாலம் முடியும் மட்டும் இறங்கித் திரும்பலாம் என்றே இருந்தேன்.

வீட்டு வாசலில் நானாவின் மனைவி ஹுஸ்னியா நின்றா. என்னைக் கடையில் கண்டிருக்கிறா. “இவர் நாலு நாளா வெளிய போகல்ல. நீங்களாச்சும் வந்தீங்களே,” என்று கதிரை இழுத்துப் போட்டா. நான் ஆறுதல் சொல்ல வந்ததாக நினைத்துவிட்டா. தேத்தண்ணி வேறு.

அபூதாஹிர் நானா சவரம் செய்யவில்லை. என்றாலும் சிரிக்கப் பார்த்தார். “நான் தீத்தி வளத்த மான நானே குத்த எனக்கென்ன மரை கழண்டுட்டா, மகள்?”

“கழண்டது என்ரை மரை, நானா,” என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்பு, மழை, முள்ளுப் பற்றை, சேர் சொன்னது, நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்த நாட்கள். ஹுஸ்னியா என் முன்னால் இருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. நான் இன்னும் குடித்திருக்கவில்லை.

அவர் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “இத இஞ்ச வந்து சொல்லி என்ன? அங்க ஊருக்குள்ள போய்ச் சொல்லுங்க.”

05.02

நாளை மிருக வைத்தியர் மானுக்கு மயக்க ஊசி போட்டு, காயத்துக்குள் கிடப்பதை எடுக்கப் போகிறாராம். அது வெளியே வரமுதல் சொல்லிவிட வேண்டும். வந்த பிறகு சொன்னால் அது பிடிபட்டது, சொன்னது இல்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழவில்லை. “போற நேரம் நானும் வாறன்,” என்றா.

06.02, செவ்வாய்

மிருக வைத்தியர் சுஹைராவிடம் தண்டைக் கொடுத்தேன். “என்னுடையதாக இருந்தால் மரையில் தலைமயிர் இருக்கும்,” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தா.

முக்கால் மணித்தியாலம். அம்மா என் கையைப் பிடிக்கவுமில்லை, தள்ளி நிற்கவுமில்லை.

சுஹைரா தட்டில் கொண்டுவந்து காட்டினா. சீழுக்குள் முனை. மரையில் என் மயிர், அரைவாசி அவிழ்ந்து, இடப்பக்கம் சுற்றியபடி. மற்ற ஐந்தையும் நேற்றிரவு பார்த்தேன், எல்லாம் சரியான பக்கம். இது ஒன்றுதான், பஸ்ஸில் சுற்றியது. சரியாகச் சுற்றியிருந்தால் முனை அம்போடு வெளியே வந்திருக்கும். ஆனால் மானில் பட்டுத்தானே இருக்கும்? அதற்கு எந்தப் பக்கம் சுற்றினால் என்ன.

பொலிசில் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்தப் படத்துக்குக் கீழே என் பெயர், என் படத்தோடு நடந்ததை எழுதினேன். இப்போது திட்டெல்லாம் எனக்கு வருகிறது. முந்தி எழுதியவர்களில் ஒருவர்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதையும் பிறகு அழித்துவிட்டார்.

18.02

கொழும்பில் இன்று தெரிவு. லக்சனா போயிருக்கிறாள், என் முனைகளோடு. சேர் என் போனை எடுப்பதில்லை.

09.03, சனி

மைதானம் இன்னும் பூட்டுத்தான். என் வழக்கு ஏப்ரலில்.

நோன்பு தொடங்க இன்னும் இரண்டு மூன்று நாள். பழக்கடை திறந்திருக்கிறது என்று அம்மா சொன்னா. வீதியின் மற்றப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வரத்தான் போனேன். அவர் கண்டுவிட்டார், கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

கம்பியின் கூருக்கு ஒரு பித்தளை மூடி செய்வித்திருக்கிறார், மரை வைத்து. இனி வெறும் கூரோடு வீதியில் நடக்க ஏலாதாம், ஆர் என்ன படம் எடுப்பானோ என்று. அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“கையால பூட்டினா நடக்கக்குள்ள விழுது. குறட்டால இறுக்கினா கழருதில்ல. மரை வேல உங்களுக்குத்தானே தெரியும்,” என்று கம்பியை என் கையில் தந்தார்.

குறட்டால் இளக்கினேன். மரைக்குள் இருந்த மணலைத் துடைத்து, மெழுகு கேட்டு வாங்கிப் பூசினேன். வழக்கம்போலக் கை தலைக்குப் போனது. நிறுத்திவிட்டேன்.

“நூல் இருக்கா, நானா?”

பழப்பெட்டி கட்டி வந்த சணலிலிருந்து ஒரு இழை பிரித்துத் தந்தார். தபாற்கந்தோர் மதிலோடு அந்த மான் நின்றது, நாலாவது காலின் நுனி மட்டும் நிலத்தில் பட. என்னைக் கண்டதும் விலகிப் போய்விட்டது.

இழையைச் சுற்றமுதல் மூடியை ஒருதரம் வெறுமனே திருகி, மரை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன்.