கழுத்துக்குப் போட்ட மார்க்

அன்புச் செல்லத்துக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? முதலில் உட்கார். நல்ல செய்திதான், ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு மாதமாக உன்னிடம் மறைத்ததையும் சொல்லியாக வேண்டும். முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

போன மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு குரூப் போட்டோ எடுத்தோம். போட்டோக்காரர் என்னைப் பார்த்து, "டீச்சர், கழுத்துல நிழல் விழுது, லேசா நிமிருங்க"ன்னு மூன்று தடவை சொன்னார், விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், நிழல் நகரவே இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் நிழல் இல்லையடி, கட்டி. எலுமிச்சம்பழம் அளவு. போய்க் காட்டிய முதல் டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "பெரிசா இருக்கும்மா, தைராய்டை மொத்தமா எடுத்துடறதுதான் நல்லது"ன்னார். குரல் போகுமா என்று கேட்டேன், போகாது என்று அடித்துச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். முப்பது வருஷமாக மைக் இல்லாமல் கணக்குச் சொல்லித்தருகிறவளுக்கு எப்படி இருந்திருக்கும் சொல். உங்கப்பா என்னைவிட ஒரு படி மேலே, நான் வாயைத் திறந்தாலே "பேசாதே, பேசாதே" என்று தண்ணீர் டம்ளரோடு பின்னாலேயே அலைந்தார்.

கத்தி வைப்பதற்கு முன்னால் ஸ்கேன் பார்த்துவிடலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நீ வயிற்றில் இருந்தபோது பார்த்தார்களே, அதே மாதிரிதான், சில்லென்று ஒரு ஜெல்லைத் தடவிக் கழுத்தில் ஒரு கருவியை உருட்டுகிறார்கள். ஸ்கேன் டாக்டரம்மா உன் வயதுதான் இருப்பாள். கட்டி திடமா நீரா, படத்தில் எவ்வளவு கறுப்பு, ஓரம் ஒழுங்கா, உள்ளே வெள்ளைப் புள்ளி உண்டா, அகலத்தைவிட உயரம் அதிகமா, ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுகிறாள்! நான் படுத்துக்கொண்டே பெரிய கட்டிக்கு எவ்வளவு என்று கேட்டேன். "ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கு, சைபர் மார்க்"ன்னாள். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இது கேன்சருக்குப் போடற மார்க் டீச்சர், கம்மியா வாங்கினாத்தான் பாஸ்"ன்னாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக முட்டை வாங்கிக் குதிக்க வேண்டும்போல இருந்தது!

ஆனால் குதிக்க விடவில்லை. அதற்குப் பின்னால் பதினொரு மில்லிமீட்டரில் இன்னொன்று ஒளிந்துகொண்டிருந்தது, எந்தக் கைக்கும் தட்டுப்படாதது. திடமானதற்கு இரண்டு, கறுப்புக்கு இரண்டு, உயரத்துக்கு மூன்று, ஆக ஏழு. "சந்தேகம்தான் டீச்சர், முடிவு இல்ல. ஊசி போட்டுத் துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்"ன்னாள். திரையில் படத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொடியனுக்குள் ஊசியைச் சரியாக இறக்கினாள், எறும்புக்கடிதான், ஆனால் பார்த்துக்கொண்டிருந்த உங்கப்பாவை நர்ஸ்தான் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் கரும்பலகையில் எத்தனை தப்புப் போட்டேன் தெரியுமா, பிள்ளைகள் திருத்தினார்கள்.

இன்று காலை போன் வந்தது. அதுவும் சாதாரணக் கட்டிதான்! கேன்சர் இல்லை! அறுவை சிகிச்சையும் வேண்டாம், ஒரு வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதுமாம். சாயங்காலமே போய்க் காகிதத்தையும் வாங்கிவந்துவிட்டேன். போன் வந்ததும், பிள்ளைகள் ஓடினால் காதைத் திருகுகிற நானே பள்ளிக்கூட வராந்தாவில் ஓடினேனடி, தலைமையாசிரியை எதிரில் வந்தும் நிற்கவில்லை. உங்கப்பாவுக்குப் போனில் சொன்னேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, இப்போ நீ எவ்ளோ வேணும்னாலும் பேசு"ன்னார்.

நீயும் கழுத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் பதறாதே, தடவிப் பார்த்து நீயாகக் கணக்கும் போடாதே, நேரே போய் ஸ்கேன் எடு. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையையும் சீக்கிரம் தூங்கச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைய நாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்து நாளில் உனக்கு மூன்று கடிதம் எழுதினேன், மூன்றையும் கிழித்துப்போட்டேன். நான் இல்லாவிட்டால் அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் மூன்றிலும் எழுதியிருந்தேன். இதை மட்டும் கையோடு தபாலில் சேர்க்கப் போகிறேன்.

உன்
அம்மா